நூற்றுக்குப் பத்து

1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதியார் ஒரு கணக்குப் போட்டார். தன்னிடம் இருக்கும் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது, அதற்கு முதலாக 20,000 ரூபாய் திரட்டுவது. மிஞ்சிப்போனால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் நிச்சயம் என்று நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மாதிரி தன் புத்தகங்கள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் என்று நம்பினார். பணம் திரளவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார். 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய எழுத்துகளின் உரிமையை வாங்கியபோது அவர் போய் 28 வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சுற்றறிக்கையை நினைக்கும்போது எனக்கு வருத்தத்தைவிட மரியாதைதான் அதிகம் வருகிறது. எழுதிப் பிழைக்க வேண்டும் என்று ஒரு கவிஞர் உட்கார்ந்து வரவு செலவு எழுதிப் பார்த்திருக்கிறார். எத்தனை பிரதி, எவ்வளவு முதல், எப்போது திரும்பும் என்று யோசித்திருக்கிறார். நூறு வருடம் கழித்து, தமிழில் ஒரு புது நாவலின் முதல் அச்சு பெரும்பாலும் 200, 300, போனால் 500 பிரதி.

சரி, அதே கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பக்கம், விலை 250 ரூபாய் என்று ஒரு நாவலை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதியவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பங்கு, அதாவது ராயல்டி, விலையில் 10 சதவீதம். பிரதிக்கு 25 ரூபாய். 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் 7,500 ரூபாய். அது விற்க இரண்டு வருடம் ஆகலாம். எழுத மூன்று வருடம் ஆகியிருக்கலாம். ராயல்டியாக மாதம் 25,000 ரூபாய் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் மாதா மாதம் 1,000 பிரதி, வருடத்துக்கு 12,000 பிரதி போக வேண்டும். சென்னையில் சின்ன வீட்டு வாடகை, மளிகை, பால், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் என்று எடுத்து வைத்தால் அந்த 25,000 மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். தமிழில் எந்த இலக்கிய எழுத்தாளரை நினைத்தாலும் சரி, அவருடைய எல்லாப் புத்தகங்களையும் சேர்த்து வருடத்துக்கு 12,000 பிரதி போகிறதா என்று யோசித்துப் பாருங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்போது மீதி 90 எங்கே போகிறது? கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் 30 முதல் 40 சதவீதம் கழிவு. புத்தகக் கண்காட்சி என்றால் வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் ஸ்டால் வாடகை, ஆள் கூலி, லாரி வாடகை. கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி., மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாம் தனி. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது உண்மை. ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் வரி உண்டு. விற்கும்போது வரி இல்லாததால், வாங்கும்போது கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ள வழியில்லை. அதுவும் அடக்கவிலையில் ஏறிவிடுகிறது. குறைவாக அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்கமும் கூடும். இதையெல்லாம் பார்த்தவர்கள், பதிப்பாளர்கள் எழுத்தாளர்களின் காசில் மாளிகை கட்டுகிறார்கள் என்று பேசமாட்டார்கள். சின்னப் பதிப்பாளர்கள் பலர் நகையை அடகு வைத்துத்தான் ஜனவரி கண்காட்சிக்குப் புத்தகம் கொண்டுவருகிறார்கள்.

ஆகவே 10 சதவீதம் என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்தப் பத்து எத்தனை பிரதிக்கு என்று எழுதியவருக்குச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் குறை.

முன்பு ஆப்செட்டில் 1,000 அல்லது 1,200 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும். விற்காதது குடோனில் கிடந்து கரையானுக்குப் போகும். ஆனாலும் எத்தனை அச்சானது என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இப்போது பி.ஓ.டி. (பிரின்ட் ஆன் டிமாண்ட்) வந்துவிட்டது. தேவைப்படும்போது 50, 100 என்று அடித்துக்கொள்ளலாம். பதிப்பாளருக்கு முதல் முடங்காது, புதியவர்களின் புத்தகம் துணிந்து வருகிறது. எல்லாம் நல்லதுதான். கூடவே இன்னொன்றும் நடந்தது. புத்தகம் எத்தனை முறை, எத்தனை பிரதி அச்சாகிறது என்பது அச்சகத்துக்கும் பதிப்பாளருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

நான் பகலில் கணக்கு எழுதுகிற வேலை பார்ப்பவன். இரவில் எழுதிய கதைகள் தொகுப்பாக வந்தபோது ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. பதிப்பாளர் நம் புத்தகத்தைப் போடுகிறாரே, அவரிடம் போய்க் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பதா என்று நினைத்தேன். ஆசிரியர் பிரதி என்று 10 புத்தகம் கொடுத்தார். மூன்று கண்காட்சிகள் போயின. ஒவ்வொரு முறையும் அரங்கில் என் புத்தகம் அடுக்கில் இருந்தது, கேட்டால் "நல்லாப் போகுது சார்" என்றார். எத்தனை என்று கேட்டால், "இந்தக் கண்காட்சி முடியட்டும், உட்கார்ந்து பார்த்துடலாம்" என்றார். உட்காரவே இல்லை. ஒரு நாள் அலுவலகத்தில் பேரேட்டில் இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணிவரை தேடிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பைசா சுத்தமாக வைக்கிற எனக்கு, என் புத்தகம் எத்தனை விற்றது என்று தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சட்டத்தைப் படித்தது அதற்குப் பிறகுதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு தரமாவது வாசிக்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் அது காலாவதியாகிவிடும். எழுதுகிறவர் பக்கம் நின்று யோசித்து எழுதிய பிரிவு இது. வாய்ப்பேச்சில் "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று கொடுத்தது சட்டப்படி உரிமை மாற்றமே ஆகாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. அச்சுப் புத்தகத்துக்குச் சம்மதித்ததால் மற்றவை தானாகப் போய்விடாது.

எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருடமும் உரிமை நீடிக்கும். முன்பு 50 ஆக இருந்தது. 1991இல் தாகூரின் எழுத்துகளுக்கு உரிமை முடிகிற நேரத்தில் அதைப் பத்து வருடம் கூட்டினார்கள். ஆக, பேரப்பிள்ளை காலம்வரை வருமானம் தரக்கூடிய ஒரு சொத்தை நாம் வாய்வார்த்தையில் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு சென்ட் நிலமாக இருந்தால் பத்திரம் இல்லாமல் கொடுப்போமா?

கணக்கு ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியில் ஒரு நல்ல உதாரணம் நடந்தது. எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல் தன் புத்தகங்களுக்குக் கிடைக்கும் ராயல்டி மிகச் சொற்பமாக இருக்கிறது என்று 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்தி இலக்கிய உலகமே அதைப் பற்றிப் பேசியது. 2025இல் அவருடைய ஒரு பழைய நாவலுக்கு வேறொரு பதிப்பகம் 30 லட்சம் ரூபாய் ராயல்டி காசோலை கொடுத்தது. நாவல் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்திச் சந்தை பெரியது, அந்தத் தொகை தமிழில் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விற்றது இத்தனை, உங்கள் பங்கு இவ்வளவு என்று ஒரு பதிப்பகம் முன்வந்து சொல்வதற்குச் சந்தையின் அளவு தடையில்லையே.

தமிழ்ப் பதிப்புலகத்தின் நிஜமான பெரிய வாடிக்கையாளர் வாசகர் இல்லை, நூலகம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எவ்வளவு உழைத்தார் என்பது ஊரறிந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. தமிழ்நாட்டில் 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. இந்த நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒரே வீச்சில் போகும். அது இல்லாவிட்டால் பல கவிதைத் தொகுப்புகளும் ஆய்வு நூல்களும் அச்சேறியே இருக்காது. நீண்ட காலம் ஆணைக்கு விலை போட்டது புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் தொகையை வைத்து இல்லை. எத்தனை ஃபாரம், அதாவது எத்தனை பதினாறு பக்கம் என்று எண்ணித்தான். பணம் தாமதமாக வரும், சில வருடங்கள் ஆணையே வராது. அந்த வருடங்களில் பதிப்பாளர் திணறுவார், எழுத்தாளரின் பங்கு கடைசி வரிசைக்குப் போய்விடும். 2024இல் கொள்முதல் நடைமுறையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் புத்தகம் தேர்வானது என்பது வெளியே தெரிவது பெரிய முன்னேற்றம். அடுத்த படியாக, தேர்வான ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியருக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும் என்பது என் ஆசை. தன் புத்தகம் நூலகத்துக்குப் போயிருக்கிறது என்பதை ஏதோ கிளை நூலகத்தில் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டன் மாதிரி நாடுகளில் நூலகத்தில் ஒருவர் புத்தகத்தை இரவல் எடுத்தாலே ஆசிரியருக்குச் சில பென்னிகள் சேரும். அரசே அதற்கு நிதி ஒதுக்குகிறது. இந்தியாவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அதற்காக அங்கே எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் இடைநிலை வருட வருமானம், 2022இல் வெளியான கணக்கெடுப்பின்படி 7,000 பவுண்டு. 2006இல் அது 12,330 பவுண்டாக இருந்தது.

அப்புறம் எழுத்தாளர்கள் எப்படித்தான் சாப்பிட்டார்கள்? வேலை பார்த்தார்கள். தி. ஜானகிராமன் வானொலியில். ந. பிச்சமூர்த்தி அறநிலையத் துறையில். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில். பூமணி கூட்டுறவுத் துறையில். ஜெயமோகன் தொலைபேசித் துறையில். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில், இமையம் அரசுப் பள்ளியில். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக ரயிலில் போனவர். இந்த வரிசையை ஒரு தரம் மெதுவாகப் படித்துப் பாருங்கள். நவீனத் தமிழ் இலக்கியத்துக்குப் புரவலர் யார் என்று கேட்டால், மாதம் முதல் தேதி வரும் சம்பளம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதனால் ஒரு விளைவும் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சம்பளம் இருந்தவர்களால்தான் தொடர்ந்து எழுத முடிந்தது. தினக்கூலிக்குப் போகிறவர், கடையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவர், வேலைக்கும் போய் வந்து சமையலும் செய்கிற பெண், இவர்களில் எத்தனை பேர் ஒரு புத்தகத்தோடு நின்றுபோனார்கள்? முதல் தொகுப்பில் அசரடித்துவிட்டுக் காணாமல் போன பெயர்களை எந்தப் பழைய சிற்றிதழைப் புரட்டினாலும் பார்க்கலாம். எழுத வராமல் நிறுத்தினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வேலையை விட்டு எழுத்தை நம்பி இருந்தவர்களின் கதை கடினமானது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டார். அதன்பின் அரை நூற்றாண்டு எழுதினார். பெரும்பகுதி நெருக்கடியில்தான் கழிந்தது. சி.சு. செல்லப்பா தன் 'எழுத்து' இதழையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையிலிருந்து சினிமாவுக்குப் போனார், சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார், காசநோயோடு 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது 2002இல். நாட்டுடைமை என்றால் குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுக்கும், அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வாசகருக்கு அது பெரிய நன்மை. எழுதியவருக்கு அந்தத் தொகை தேவைப்பட்ட காலம் பெரும்பாலும் எப்போதோ முடிந்திருக்கும்.

எழுத்தை மட்டும் வைத்துப் பிழைக்க முடிந்த ஒரு காலமும் ஒரு கூட்டமும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற நாட்களில் தொடர்கதைக்கு நல்ல பணம் வந்தது. 1980களிலும் 90களிலும் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மாதம் தவறாமல், சொன்ன தேதிக்குள், சொன்ன பக்கத்துக்குள். இலக்கியவாதிகள் இதை மட்டமாகப் பேசுவார்கள். எழுத்தைத் தொழிலாகச் செய்வதென்றால் என்ன என்பதை அந்த எழுத்தாளர்களிடம்தான் கற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கதையைக் கொடுத்தார்கள், பணத்தை வாங்கினார்கள். டிவி தொடர்கள் வந்து அந்த வாசகரை எடுத்துக்கொண்டபின் அந்தச் சந்தை சுருங்கிவிட்டது.

இன்றைக்கு அந்த இடத்தில் சினிமா இருக்கிறது. ஒரு படத்துக்கு வசனம் எழுதிக் கிடைப்பது பத்து நாவலுக்கு வருகிற ராயல்டியைத் தாண்டும். அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலும் உண்டு. 2016 இறுதியிலிருந்து அதில் தமிழ் வந்தது. விலையில் 35 அல்லது 70 சதவீதம் எழுத்தாளருக்கு. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பக்கம் படித்தார்கள் என்பது அன்றன்றைக்கே திரையில் தெரியும். குடும்ப நாவல் எழுதும் பெண்கள் பலர் அதில் தாங்களே பதிப்பாளராகிவிட்டார்கள். தொகை சிறியதாக இருந்தாலும் மாதா மாதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அச்சுப் பதிப்பகங்கள் செய்யத் தவறியதை ஒரு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், புத்தகம் வந்த வாரமே பி.டி.எஃப். ஆக்கி டெலிகிராமில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 300 பிரதி விற்கும் மொழியில் அது நேராக அந்த 25 ரூபாயைத்தான் எடுக்கிறது.

விருதுப் பணத்தைப் பற்றி வெளியே இருக்கும் எண்ணம் பெரியது. சாகித்திய அகாதெமி விருதுத் தொகை ஒரு லட்சம் ரூபாய், பெரும்பாலும் தலை நரைத்தபின்தான் வரும். மொழிபெயர்ப்பு வழியாக வெளியே போனால் அளவே வேறு. 2023இல் பெருமாள்முருகன் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கிடைத்த ஜேசிபி இலக்கியப் பரிசு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாக 10 லட்சம். அந்த வாசல் எல்லோருக்கும் திறப்பதில்லை. ஆனாலும் மொழிபெயர்ப்பு உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை முதல் புத்தகத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். கூட்டங்களுக்கு அழைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவழிப்பதை ரயில் டிக்கெட்டாகவும் சிறு தொகையாகவும் கொடுங்கள். ஒரு உரைக்குத் தயாரிக்க ஒரு வாரம் ஆகிறது.

என் நாவல் வேறு ஒரு சின்னப் பதிப்பகத்தில் வந்தது. நடத்துகிறவர் என்னைவிட வயதில் இளையவர். ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்க வாய் திறந்தபோது, அவரே இரண்டு பக்கம் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார். ஐந்து வருடம், அச்சு உரிமை மட்டும், 10 சதவீதம், வருடத்துக்கு ஒரு தரம் கணக்கு. கடந்த ஏப்ரலில் ஒரு மெயில் வந்தது. அச்சிட்டது 100. ஆசிரியர் பிரதி 10. விற்றது 41. கையிருப்பு 49. பிரதிக்கு 25 ரூபாய் வீதம் 1,025 ரூபாய் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன் அண்ணா, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். வீட்டில் காட்டினேன். மனைவி தொகையைப் பார்க்கவில்லை, "நாற்பத்தொரு பேரா?" என்று கேட்டாள். என் எழுத்தை இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது, எழுதத் தொடங்கிப் பதினாறு வருடத்தில், அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் எண்ணாகத் தெரிந்தது.